துப்பறியும் கதையும் வாசகர் மனத்தாங்கலும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலே கோண்வால் என்னும் கடற்கரை நாடு உண்டு. அங்கே ஓடம் செலுத்தும் ஒருவர், ஷேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த சேர் ஆதர் கொனன் டொயிலிடம் ஒருமுறை மனந்திறந்து பேசினாராம். ஹோம்ஸ் அந்த மலைச்சரிவிலிருந்து விழுந்தபோது உயிர் தப்பியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதன் பின்னர் அவர் பழைய மனிதராக இல்லை என்பதே அந்த ஓடக்காரரின் கருத்து. இதனைக் கொனன் டொயிலே தமது வாழ்க்கை நினைவுகளில் நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார்.

ஓடக்காரர் குறிப்பிட்டது இதுதான். ஹோம்ஸ் கதைகளை எழுதியெழுதி அலுத்துப்போன கொனன் டொயில், 1893ஆம் ஆண்டில் தமது கதாநாயகனைச் சுவிற்சர்லாந்தின் நீர்வீழ்ச்சி ஒன்றில் வீழ்த்தி, கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் பொறுக்கவில்லை. அவர்களின் வேண்டுகோளுக்கும் பதிப்பாளர் தர முன்வந்த பெரும் பணத்துக்கும் இணங்கி, 1903ஆம் ஆண்டில் ஹோம்ஸை உயிரோடு மீட்டுக்கொண்டு வந்தார். மீண்டு வந்த ஹோம்ஸ் 1927 வரையிலே துப்பறிந்தார். ஆயினும் அந்தக் கடைசிக் காலக் கதைகள் பழைய கதைகளுக்கு ஈடாகா என்று இன்றும் வாசகர் பலர் சொல்லக் கேட்கலாம்.

அந்த ஓடக்காரர் திறனாய்வாளர் அல்லர், பேராசிரியரும் அல்லர். கதையை விரும்பிப் படித்த ஒரு சாதாரண மனிதர். எனினும், நெடுநாள் வாசகர்கள் அனைவருடைய மனத்தாங்கலையும் அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார். ஒரு தொடர்கதை வரிசையை இளமை முதற்கொண்டு படித்து வந்தவர்கள், அது தளர்ந்து போவதைக் காணும்பொழுது ஏன் இத்தனை வருந்துகிறார்கள்? அந்த வருத்தம் நியாயமானதா? தளர்ச்சிக்குக் காரணம் யாது? இவற்றைப் பற்றியே இன்று சிறிது சிந்திக்க எண்ணுகிறேன். இதற்கு உதாரணமாக, துப்பறியும் நாவலின் அரசி எனப் போற்றப்பட்ட அகதா கிறிஸ்ரி அம்மையாரை எடுத்துக்கொள்வோம். அவரைப் போல வாசகரை மகிழ்வித்தவரும் இல்லை. இறுதிக் காலத்தில் அவரைப் போல வாசகரைத் தர்மசங்கடத்துக்கு ஆளாக்கியவரும் அரியர்.

முதலில், எத்தகைய கதையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. துப்பறியும் கதைகளிற் பலவகை உண்டு. துப்பாக்கி வெடிக்கும், மோட்டார் வண்டிகள் ஒன்றையொன்று துரத்தும், பட்டணத்து இருட்டுச் சந்துகளில் இரத்தம் சிந்தும் கதைகள் ஒருவகை. நாம் பேசுவது அவற்றைப் பற்றியன்று. இங்கே களம் ஒரு சிறிய கிராமம். பாதிரியார், வைத்தியர், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி, தேநீர் விருந்து கொடுக்கும் மூதாட்டி, ஊர்வம்பு பேசும் அயலவர் ஆகியோரே மாந்தர். கொலை நிகழும்; ஆனால் அதன் கோரம் நம் கண்முன் விரிக்கப்படுவதில்லை. சட்டத்தின் தொழிலாளர் அல்லாத ஒருவர், பெரும்பாலும் கூரிய அறிவு படைத்த சாதாரண மனிதர், உண்மையைக் கண்டறிவார். குற்றவாளி பிடிபட, ஊர் மீண்டும் அமைதியடையும். ஆங்கிலத்தில் இவ்வகைக் கதைகளைக் 'கோசி' என்று செல்லமாக அழைப்பர். குளிர்காலத்திலே கணப்பின் அருகில், போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் சுகத்தைக் குறிக்கும் சொல் அது.

இக்கதைகளை வாசகர் ஏன் மீண்டும் மீண்டும் நாடுகின்றனர்? புதிர் ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், பழகிய ஊருக்குத் திரும்பிச் செல்லும் மகிழ்ச்சி. அகதா கிறிஸ்ரி படைத்த மிஸ் மார்ப்பிள் என்னும் மூதாட்டி வாழ்கின்ற செயின்ற் மேரி மீட் என்ற கிராமம் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. ஆயினும் பல்லாயிரம் வாசகருக்கு அவ்வூரின் தெரு தெரியும். அங்குள்ள பாதிரியார் இல்லம் தெரியும். மிஸ் மார்ப்பிள் பின்னல் வேலை செய்தபடியே வேலிக்கு அப்பால் நடப்பதைக் கவனிக்கும் தோட்டமும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை உறவினர் வீட்டுக்குச் சென்று வருவதைப் போன்றதே இவ்வாசிப்பு. ஆகையால், அந்த வீடு பாழடைந்து கிடக்கக் கண்டால் மனம் நோவது இயல்பே அன்றோ?

இன்னொரு காரணமும் உண்டு. துப்பறியும் கதையில் ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை இருக்கிறது. துப்புகள் யாவற்றையும் ஆசிரியர் வாசகரின் கண்முன் வைக்க வேண்டும். ஆனால், வாசகர் அவற்றைக் கண்டும் காணாதவராகும் வண்ணம் சாதுரியமாக வைக்க வேண்டும். 1929ஆம் ஆண்டில் றொனல்ட் நொக்ஸ் என்னும் கத்தோலிக்க குருவானவர் இதற்கெனப் பத்து விதிகளை வகுத்தார். அவரும் துப்பறியும் நாவல்கள் எழுதியவரே. 1930ஆம் ஆண்டில் இலண்டனிலே துப்பறியும் எழுத்தாளர் கழகம் ஒன்று தோன்றிற்று. முக்கியமான எந்தத் துப்பையும் வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்று அதன் அங்கத்தவர்கள் சத்தியப்பிரமாணம் செய்து கொள்வது வழக்கமாயிற்று. ஜி. கே. செஸ்ரற்றன் அதன் முதல் தலைவர். 1957 முதல் தமது மறைவு வரை அகதா கிறிஸ்ரியே அதன் தலைவராக விளங்கினார்.

சத்தியப்பிரமாணம் என்பது விளையாட்டாகச் செய்யப்பட்டதாயினும், அதன் உட்பொருள் விளையாட்டன்று. ஒரு காதற் கதை சற்றுத் தளர்ந்தால் வாசகர் கொட்டாவி விடுவார், அவ்வளவே. துப்பறியும் கதை தளர்ந்தாலோ, தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் இறந்தார் என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் அதிகாரத்தில் பதினைந்து ஆண்டுகள் என்று சொன்னால், அது துப்பா, ஆசிரியரின் மறதியா என்று வாசகர் திகைப்பார். துப்பு என்று கருதி அதனை மனத்திற் குறித்து வைத்துக்கொள்வார். முடிவில் அது வெறும் மறதி என்று அறியும்பொழுது, கணக்கு வாத்தியார் தவறான கணக்கைக் கொடுத்து விடை கேட்டதைப் போன்ற கோபம் அவருக்கு உண்டாகும்.

இனி அகதா கிறிஸ்ரியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். அவர் 1890ஆம் ஆண்டில் தென் இங்கிலாந்தின் ரோர்க்கி என்னும் கடற்கரைப் பட்டினத்திற் பிறந்தார். முதலாம் உலக மகாயுத்தக் காலத்தில் மருத்துவமனையின் மருந்தகத்திற் பணியாற்றியபொழுது நஞ்சுகளைப் பற்றி நன்கு கற்றார். அவ்வறிவின் பயனாக எழுந்த முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. பெல்ஜிய நாட்டிலிருந்து அகதியாக வந்த, முட்டை வடிவத் தலையும் முறுக்கிய மீசையும் கொண்ட ஹேர்க்கியூல் பொய்ரோ அதிலே அறிமுகமானார். 1926இல் வெளிவந்த 'றோஜர் அக்ரோய்ட் கொலை' அதன் முடிவினால் வாசக உலகையே இரு கட்சிகளாகப் பிரித்தது. 1930இல் வெளிவந்த 'பாதிரியார் இல்லத்திற் கொலை' என்னும் நாவலிலே மிஸ் மார்ப்பிள் வந்து சேர்ந்தார். இவர்களேயன்றி, ரொமி, ரப்பென்ஸ் என்ற துடிப்பான தம்பதியரையும் அவர் படைத்தார். மொத்தமாக அவர் எழுதிய துப்பறியும் நாவல்கள் 66.

அவருடைய திறமை உச்சத்தில் இருந்தபோது அது எவ்வாறு விளங்கிற்று என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1950இல் வெளிவந்த 'ஒரு கொலை அறிவிக்கப்படுகிறது' என்னும் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்துப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது: இன்ன நாள், இன்ன வீட்டில், மாலை ஆறரை மணிக்கு ஒரு கொலை நடைபெறும், நண்பர்கள் இதனையே அழைப்பாக ஏற்க வேண்டும். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அயலவர் அனைவரும் அவ்வீட்டிற் கூடுகின்றனர். குறித்த நேரத்தில் விளக்குகள் அணைகின்றன, வெடியோசை கேட்கிறது. இனி நடப்பதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தையே அந்நாவல் படம்பிடித்துக் காட்டுகிறது. முன்னொரு காலத்தில் ஊரில் ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். இப்பொழுதோ, புதிதாய்க் குடியேறியவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பங்கீட்டு அட்டையைத் தவிர அவரை யாரென்று காட்ட வேறு சான்று இல்லை. இச்சமூக உண்மையே அக்கதையின் புதிருக்கும் அடித்தளம். ஒரு மேசை விளக்கும், ஒரு சொல்லின் உச்சரிப்பும்கூட அதில் வீணாகவில்லை. வாசகர் இரண்டாம் முறை படிக்கும்பொழுது, எல்லாத் துப்புகளும் முதலிலிருந்தே தம் கண்ணெதிரே கிடந்ததைக் கண்டு வியப்பார்.

இத்தகைய விருந்துக்குப் பழகியவர்களே பிற்கால நூல்களைக் கண்டு மனம் சோர்ந்தார்கள். அவருடைய எண்பதாவது பிறந்தநாளையொட்டி 1970இல் வெளிவந்தது 'பிராங்பேட் பிரயாணி.' கிராமத்துத் தேநீர் மேசையை விட்டு, உலகத்து இளைஞரையெல்லாம் ஆட்டிப்படைக்கும் மாபெரும் சதியொன்றைப் பற்றி அது பேசிற்று. கதையின் நூல்கள் எங்கெங்கோ சென்று முடிச்சுப் போடப்படாமலே நின்றன. 1972இல் பொய்ரோவைக் கொண்டு 'யானைகளால் நினைவுகூர முடியும்' வெளிவந்தது. பல ஆண்டுகளுக்கு முன் கடலோரக் குன்றின்மீது கணவனும் மனைவியும் சுடப்பட்டு இறந்து கிடந்தனர். யார் யாரைச் சுட்டது என்பதே கேள்வி. கேள்வி நல்லது. ஆனால் பதிலைத் தேடிச் செல்லும் வழியிலே, ஒரே செய்தி திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. சம்பவம் நடந்து எத்தனை ஆண்டுகளாயின என்பதுகூட இடத்துக்கு இடம் மாறுகிறது. 1973இல் வெளிவந்த 'விதியின் பின்வாயில்' இன்னும் தளர்ந்தது. அதுவே அவர் இறுதியாக எழுதிய நாவல்.

இந்நூல்கள் விலைப்படவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாகவே விற்பனையாகின. 'நத்தாருக்கு ஒரு கிறிஸ்ரி' என்று வெளியீட்டாளர் விளம்பரம் செய்வதும், வாசகர் வாங்கி உறவினருக்குப் பரிசளிப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டிருந்தன. மனத்தாங்கல் கொண்டவர்களும் அடுத்த ஆண்டுப் புத்தகத்தைத் தவறாது வாங்கினார்கள். இந்த முறை பழைய சுவை இருக்கும் என்ற நம்பிக்கை ஒருபுறம். பழகியவரைக் கைவிட மனமின்மை மறுபுறம்.

தளர்ச்சிக்குக் காரணங்களை இனி ஆராய்வோம். 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பது நம் முதுமொழி. குறை நூலில் இல்லை, அலுத்துப்போன வாசகரின் நாவிலேதான் இருக்கிறது என்று சிலர் வாதிப்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஐம்பது புதிர்களை விடுவித்தவருக்கு ஐம்பத்தோராவது புதிர் எளிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த விளக்கம் முழுவதும் பொருந்தாது. கிறிஸ்ரியின் பிற்கால நூலை முதன்முதலாகக் கையிலெடுக்கும் புதிய வாசகரும் அதிலே தடுமாறுகிறார். பழைய நூல் ஒன்றைப் பத்தாம் முறை படிக்கும் முதிய வாசகரோ அதிலே புதுச்சுவை காண்கிறார். ஆகவே பாலிலும் மாற்றம் உண்டு என்றே கொள்ளவேண்டும்.

முதலாவது காரணம், தாம் படைத்த பாத்திரத்தின்மீது ஆசிரியருக்கே ஏற்படும் சலிப்பு. பொய்ரோ முதல் நாவலிலேயே ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. அவரை அத்தனை முதியவராகத் தொடக்கத்திலே படைத்தது தமது பிழை என்று கிறிஸ்ரியே தம் சுயசரிதையில் ஒத்துக்கொள்கிறார். கணக்குப் பார்த்தால் 1970களிலே பொய்ரோவுக்கு நூறு வயதைத் தாண்டியிருக்கும். 1930களிலேயே கிறிஸ்ரிக்குப் பொய்ரோ மீது அலுப்புத் தட்டிவிட்டது. அவ்வலுப்பை அவர் நகைச்சுவையாக்கியும் காட்டினார். ஆரியட்னி ஒலிவர் என்ற எழுத்தாளப் பெண்மணியைப் படைத்து, பின்லாந்து நாட்டுத் துப்பறிவாளர் ஒருவரைப் பற்றிக் கதை எழுதுகிறவராக அவரைக் காட்டினார். பின்லாந்தைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாதே, ஏன் இந்த மனிதனைப் படைத்தோம் என்று அந்த அம்மையார் புலம்புவார். அது யாருடைய புலம்பல் என்பது வாசகருக்குத் தெரியாததன்று.

இரண்டாவது காரணம், வாசகராகிய நாமே. இதனைச் சொல்லும்போது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ரொமியும் ரப்பென்ஸும் 1941க்குப் பின் நெடுங்காலம் எந்தக் கதையிலும் தோன்றவில்லை. 1968இல் அவர்கள் மீண்டும் தோன்றிய நாவலை, அவர்கள் என்னவானார்கள் என்று பல நாடுகளிலிருந்தும் கடிதம் எழுதிக் கேட்ட வாசகருக்கே ஆசிரியர் சமர்ப்பணம் செய்திருக்கிறார். கேட்டவர்கள் நாம். தந்தவர் அவர். தந்தது முன்போல் இல்லையென்று குறை கூறியவர்களும் நாமே. ஹோம்ஸ் கதையில் நடந்ததும் இதுவேயன்றோ?

மூன்றாவது காரணம், முதுமை. இதனைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1971இல் கிறிஸ்ரி அம்மையார் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பின்னர் உடல் நலிந்துகொண்டே சென்றது. அறிவின் நிலை என்னவாயிற்று? இவ்வினாவுக்கு விடை காண 2009ஆம் ஆண்டளவிலே கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்து அறிஞர் இருவர் முயன்றனர். இயன் லங்காஷயர் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். கிறேம் ஹேர்ஸ்ற் கணினித்துறை வல்லுநர். கிறிஸ்ரி வெவ்வேறு வயதுகளில் எழுதிய நாவல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வெவ்வேறு சொற்கள் வருகின்றன, எத்தனை சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, 'ஏதோ ஒன்று', 'எதுவோ' என்பன போன்ற பொதுச் சொற்கள் எவ்வளவு வருகின்றன என்பவற்றைக் கணினியின் துணையோடு எண்ணினர். பிற்கால நூல்களிற் சொல்வளம் வெகுவாகக் குறைந்திருந்தது. திரும்பக் கூறல் மிகுந்திருந்தது. பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாது 'ஏதோ ஒன்று' என்று தடுமாறும் இடங்கள் பெருகியிருந்தன. 'யானைகளால் நினைவுகூர முடியும்' என்ற நாவலிலே இம்மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. நினைவாற்றலைத் தேய்க்கும் நோய் அவரைப் பற்றியிருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். அவர் வாழ்ந்த காலத்தில் எந்த வைத்தியரும் அவ்வாறு நோய் காணவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. எழுத்தை எண்ணிப் பார்த்து நோயை உறுதிப்படுத்த முடியாது. ஆயினும் நெடுநாள் வாசகர் உள்ளத்தால் உணர்ந்ததை எண்ணிக்கை மெய்ப்பித்துவிட்டது.

இப்பொழுது அந்த நாவலின் பெயரைச் சிந்தித்துப் பாருங்கள். யானை மறவாத பிராணி என்பது ஆங்கிலேயர் வழக்கு. பழைய சம்பவம் ஒன்றை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களைத் தேடி வீடு வீடாகச் செல்கிறார், கிறிஸ்ரியின் சாயலிற் படைக்கப்பட்ட அந்த எழுத்தாளப் பெண்மணி ஒலிவர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நினைவுகூர்கின்றனர், அரைகுறையாக, மாறாட்டமாக. மறதியைப் பற்றிய கதையை மறதியோடு போராடிய ஒருவர் எழுதியிருக்கிறார் என்று அறிந்த பின்பு அந்நூலைப் படித்தால், முன்னர் எரிச்சலூட்டிய பக்கங்களே நெஞ்சை உருக்குகின்றன.

'விதியின் பின்வாயில்' என்ற கடைசி நாவலும் அத்தகையதே. அதன் தொடக்கம் மிக அழகானது. முதுமையடைந்த ரொமியும் ரப்பென்ஸும் பழைய வீடொன்றை வாங்கிக் குடிபுகுகின்றனர். அவ்வீட்டில் விடப்பட்ட பழைய சிறுவர் புத்தகம் ஒன்றிலே சில எழுத்துகளின் கீழே கோடு இடப்பட்டிருக்கிறது. அவ்வெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், ஒரு பெண்ணின் மரணம் இயற்கையானதன்று என்ற செய்தி வெளிப்படுகிறது. எத்தனை அருமையான ஆரம்பம்! ஆனால் அதன் பின்னர் கதை நகரமாட்டாமல் நிற்கிறது. ரப்பென்ஸ் பழைய கண்ணாடி வீட்டுக்குள்ளே கிடக்கும் விளையாட்டுப் பொருள்களைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். ஆடுகுதிரை ஒன்று, சிறுவர் ஏறி ஓட்டும் சிறு வண்டி ஒன்று. பக்கம் பக்கமாக இவற்றைப் பற்றியே பேச்சு. புதிரை நாடி வந்த வாசகர் பொறுமையிழக்கிறார்.

அந்த ஆடுகுதிரையும் வண்டியும் கற்பனையல்ல என்பதை அகதா கிறிஸ்ரியின் சுயசரிதை நமக்குத் தெரிவிக்கிறது. அவை ரோர்க்கியில் அவர் பிறந்து வளர்ந்த ஆஷ்பீல்ட் என்ற இல்லத்திலே, அவர் சிறுமியாக விளையாடிய பொருள்கள். அவ்வில்லத்தை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டார்; 1960களிலே அது இடிக்கப்பட்டும் போயிற்று. எண்பத்திரண்டு வயது மூதாட்டி ஒருவர் துப்பறியும் கதை எழுதுவதாக எண்ணிக்கொண்டு, இல்லாது போன தம் வீட்டுக்குள்ளே நுழைந்து, அறை அறையாக நடந்து திரிந்திருக்கிறார். நாமோ கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இவ்வாறு சொல்வதனால் அந்நாவல் சிறந்த நாவலாகிவிடாது. அனுதாபம் வேறு, மதிப்பீடு வேறு. வாசகரின் ஏமாற்றம் நியாயமானதே என்பதில் எனக்கு ஐயமில்லை. முதுமை மட்டுமே தளர்ச்சிக்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1967இல், 77ஆம் வயதில், கிறிஸ்ரி 'முடிவில்லா இரவு' என்ற நாவலை வெளியிட்டார். பொய்ரோவும் இல்லை, மார்ப்பிளும் இல்லை; ஓர் இளைஞனே தன் கதையைத் தன் வாயாற் சொல்கிறான். அவருடைய மிகச்சிறந்த நூல்களுள் ஒன்றாக அதனை எண்ணுவோர் பலர். பழைய பாத்திரங்களின் சுமையை இறக்கி வைத்தபோது முதிய கையும் துள்ளி எழுதிற்று. ஆகவே, ஆண்டுக்கு ஒன்று என்ற வழக்கமும், பழகிய பாத்திரத்தையே கொண்டுவர வேண்டும் என்ற வற்புறுத்தலும் தளர்ச்சியிற் பங்குடையன என்றே தோன்றுகிறது.

வெளியீட்டாளருக்கும் பொறுப்பு உண்டு. பெயர் பெறாத ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியில் ஆண்டுக் கணக்கு முரண்பட்டால், பதிப்பாசிரியர் உடனே திருத்தச் சொல்லுவார். புகழ்மிக்கவரின் பிரதி அச்சுக்கூடத்துக்குப் போவதற்கு முன் அவ்வளவு கண்டிப்போடு பார்க்கப்படுமா? மரியாதையின் காரணமாகச் சொல்லாமல் விடுவதும், விற்பனை குறையவில்லை என்பதனால் திருத்தாமல் விடுவதும் ஒரே பயனைத்தான் தருகின்றன. எழுத்தாளரின் பெயரே இழுக்குக்கு ஆளாகிறது. உண்மையான மரியாதை, அவரது நூலை அவரது பழைய தரத்துக்கே நிறுத்திப் பார்த்துத் திருத்தித் தருவதாகும்.

இக்கதைக்கு எதிர்பாராத ஒரு முடிவும் உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில், இலண்டன்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, தமக்கு ஏதும் நேர்ந்தால் குடும்பத்தாருக்கு உதவட்டும் என்று கிறிஸ்ரி இரண்டு நாவல்களை எழுதிப் பத்திரமாகப் பூட்டி வைத்தார். ஒன்று பொய்ரோவின் இறுதிக் கதை. அதனை மகளுக்கு உரித்தாக்கினார். மற்றது மிஸ் மார்ப்பிள் கதை. அதனைக் கணவருக்கு உரித்தாக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை உறங்கிக் கிடந்தன. இனிப் புதிதாக எழுத இயலாது என்ற நிலை வந்தபோது, 1975இல் 'திரை' என்ற அந்தப் பொய்ரோ நாவல் வெளியிடப்பட்டது. பொய்ரோ மறைந்த செய்தியை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, மெய்யாக வாழ்ந்த மனிதரொருவரின் மரணத்தைப் போல, தன் முதற் பக்கத்தில் அறிவித்தது. 1976 தையிலே கிறிஸ்ரி காலமானார். அவ்வாண்டிலேயே மார்ப்பிள் நாவலும் வெளிவந்தது.

தளர்ந்த நூல்களைப் படித்துச் சோர்ந்திருந்த வாசகர், இறுதி விருந்தாக அவருடைய நடுவயதுக் கைவண்ணத்தைப் பெற்றனர். பழைய கூர்மை, பழைய நேர்மை, முன்வைக்கப்பட்டும் காணாது விடப்பட்ட துப்புகள். வெய்யிலில் நடந்து களைத்தவனுக்கு, முன்னொரு காலத்தில் யாரோ நட்டு வைத்த மரம் நிழல் தந்ததைப் போலாயிற்று.

நேயர்களே, உங்களுள் துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிப்பவர்கள் இருப்பீர்கள். நீங்கள் நெடுநாளாகப் பின்பற்றி வரும் ஓர் எழுத்தாளர் தளரும்பொழுது என்ன செய்வது? மூன்று யோசனைகளைக் கூறி முடிக்கிறேன். முதலாவது, ஏமாற்றத்தை மறைக்க வேண்டாம். நன்றாக இல்லாததை நன்றென்று புகழ்வது எழுத்தாளருக்கும் நன்மை செய்யாது. அடுத்து வரும் வாசகருக்கும் நன்மை செய்யாது. இரண்டாவது, பிந்திய நூலைக் கொண்டு முந்திய நூல்களை அளக்க வேண்டாம். புதிதாய்ப் படிக்கத் தொடங்கும் இளைஞருக்குக் கிறிஸ்ரியின் 1973ஆம் ஆண்டு நூலைக் கொடுத்துவிட்டு, அவருக்குப் பிடிக்கவில்லையே என்று வருந்துவது நம் தவறு. 1950ஆம் ஆண்டு நூலைக் கொடுங்கள். மற்றவற்றை அவரே தேடிக்கொள்வார். மூன்றாவது, இன்னும் ஒரு கதை, இன்னும் ஒரு கதை என்று கேட்பதற்கு முன் சற்றுத் தயங்குவோம்.

1965இல் வெளிவந்த 'பேட்ரம் விடுதி' நாவலிலே மிஸ் மார்ப்பிள், தம் சிறுபிராயத்திற் கண்ட விடுதியொன்றுக்கு மீண்டும் செல்கிறார். எல்லாம் அன்று இருந்தபடியே இருக்கின்றன: அதே தேநீர், அதே பலகாரம், அதே உபசாரம். முதலில் அவர் மகிழ்கிறார். பிறகு அவருக்கு ஐயம் உண்டாகிறது. ஒன்றும் மாறாதிருப்பதே இயற்கைக்கு மாறானதன்றோ? கழிந்த காலத்துக்குத் திரும்பிச் செல்ல முடியாது, முயலவும் கூடாது என்று அவர் உணர்கிறார். வாசகர் தமக்கு எழுதப்போகும் மனக்குறைக் கடிதங்களுக்கெல்லாம் கிறிஸ்ரி முன்கூட்டியே எழுதி வைத்த மறுமொழியாக அதனைக் கொள்ளலாம்.

நல்ல நூல்கள் அலுமாரியில் இருக்கின்றன. அவை தளர்வதில்லை.